முதுகு காட்டி நின்றவர்

டோக்கியோவின் சிபுயா பகுதியில் ஒரு தெரு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தலைகள்தான். எல்லாரும் எங்கேயோ போக வேண்டியவர்கள், எல்லாருக்கும் அவசரம். அந்த ஓட்டத்தின் நடுவில் ஒரு பெண் நிற்கிறார். சாம்பல் நிற உடை, முதுகில் இறங்கும் ஒற்றைக் கட்டுக் கூந்தல், பக்கவாட்டில் தளர்ந்து தொங்கும் கைகள். நம் பக்கம் அவர் திரும்புவதே இல்லை. எதிரே வரும் கூட்டம் அவரை நெருங்கும்போது லேசாக விலகி, இரண்டு பக்கமும் வழிந்து, கேமராவைத் தாண்டிப் போய்விடுகிறது. அவர் மீது யாரும் மோதவில்லை, யாரும் நின்று என்ன ஏது என்று கேட்கவும் இல்லை. 6 நிமிடம் 33 நொடி இப்படியே. பிறகு படம் முதலிலிருந்து ஓடத் தொடங்குகிறது. ஒலி கிடையாது.

தென்கொரியாவின் தேகு நகரில் 1957-ல் பிறந்த கலைஞர் கிம்சூஜாவின் ‘ஊசிப் பெண்’ என்ற வீடியோ படைப்பு இது. 1999-க்கும் 2001-க்கும் இடையில் டோக்கியோ, ஷாங்காய், டெல்லி, நியூயார்க், மெக்சிகோ சிட்டி, கெய்ரோ, லாகோஸ், லண்டன் என்று எட்டு நகரங்களில் இதே உடையில், இதே நிலையில் நின்றார். நெரிசலில் அசையாமல் நிற்பதைப் பற்றிய கலை என்று பேச்செடுத்தால் இந்தப் படைப்பு வராமல் இருக்காது. அப்படி வரும்போதெல்லாம் ‘அசையாமை’, ‘தியானம்’, ‘அமைதி’ என்ற மூன்று சொற்களும் கூடவே வந்துவிடும். எனக்கு அதில்தான் கொஞ்சம் மனத்தாங்கல். இந்தப் படைப்பின் உயிர் அசையாமையில் இல்லை, முதுகில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த ஆய்வு.

முதலில் ஊசி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

கிம்சூஜா ஓவியம் படித்தவர். சியோலின் ஹோங்கிக் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், கேன்வாஸ் என்ற தட்டையான பரப்பை என்ன செய்வது என்ற கேள்வி அவரைத் துரத்திக்கொண்டிருந்தது. 1983-ல் ஒருநாள் அம்மாவோடு உட்கார்ந்து படுக்கை விரிப்பு தைத்துக்கொண்டிருந்தார். ஊசி முனை பட்டுத் துணியைத் தொட்ட அந்தக் கணத்தில் உடம்பெல்லாம் ஓர் அதிர்வு பரவியதாகப் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். துணிதான் பரப்பு, ஊசிதான் தூரிகை என்று அவருக்குப் பட்டது அங்கேதான். அதற்கப்புறம் பத்து ஆண்டுகளுக்கு மேல் பழைய துணிகளைத் தைப்பது, பொருள்களைத் துணியால் சுற்றுவது, கொரியர்கள் ‘போத்தாரி’ என்று சொல்லும் மூட்டைகளைக் கட்டுவது என்றே அவர் வேலை போனது. போத்தாரி என்றால் நம் ஊர்த் துணிமூட்டை மாதிரிதான்: சதுரத் துணியை விரித்து, சாமானை நடுவில் வைத்து, நாலு முனையையும் இழுத்து முடிச்சுப் போட்டால் வீடு மாற்றக் கிளம்பியாகிவிட்டது. அப்பா ராணுவத்தில் இருந்ததால் ஊர் ஊராக மாறிய குடும்பம் அவருடையது. மூட்டை கட்டுவது அவருக்குப் படித்துத் தெரிந்த விஷயம் அல்ல.

தமிழில் இந்தப் படைப்பைப் பற்றி எழுத உட்காரும்போது ஒரு சின்ன சந்தோஷம் கிடைக்கிறது. ‘தையல்’ என்றால் நமக்குத் துணி தைப்பதும்தான், பெண்ணும்தான். கொரிய மொழியில் இரண்டு சொல் வைத்துச் சொல்ல வேண்டியதை நம் மொழி ஒரே சொல்லில் முடித்து வைத்திருக்கிறது. கிம்சூஜாவுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்தால் ரசிப்பார்.

1997-ல் வண்ண வண்ணத் துணிமூட்டைகளை ஒரு லாரியில் மலை மாதிரி ஏற்றி, அதன் உச்சியில் தான் ஏறி உட்கார்ந்து, தானும் தன் குடும்பமும் வாழ்ந்த ஊர்கள் வழியாக 11 நாள், 2,727 கிலோமீட்டர் பயணம் போனார். அந்த வீடியோவிலும் அவர் முகம் தெரியாது. லாரிக்குப் பின்னால் வரும் கேமராவுக்கு முதுகுதான் தெரியும். சாலையும் மலைகளும் ஓடுகின்றன, முதுகு மட்டும் அப்படியே இருக்கிறது. அதாவது சிபுயாவில் நின்ற அந்த முதுகுக்கு இரண்டு வருட முன்கதை உண்டு. லாரியிலிருந்து இறங்கி, மூட்டைகளையும் விட்டுவிட்டு, வெறும் உடம்பாக நிற்பதுதான் அடுத்த படி.

அந்த அடுத்த படி திட்டம் போட்டு வரவில்லை. 1999-ல் ஜப்பானின் கிதாக்யூஷூவில் உள்ள கலை மையத்துக்காக ஒரு நடைப்பயண நிகழ்வு செய்யும் யோசனையோடு டோக்கியோவில் சுற்றிக்கொண்டிருந்தார். பல தெருக்களில் நடந்தும் எதுவும் அமையவில்லை. சிபுயாவுக்கு வந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு ஓர் அடி எடுத்து வைக்க முடியாமல் நின்றுவிட்டார். உள்ளுக்குள் ஓர் அலறல் எழுந்ததாகவும், அப்படியே நிற்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்றும் பிற்பாடு விவரித்திருக்கிறார். நடக்கப் போனவர் நின்றார், கேமரா அதைப் பதிவு செய்தது. இந்த விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதைத் ‘தியானம்’ என்று பார்ப்பவர்களுக்கு, தொடக்கத்தில் இருந்தது சாந்தி அல்ல, திணறல் என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிப்போன குழந்தை திக்கென்று நிற்குமே, அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது இது! நிற்க நிற்கத்தான் அந்தத் திணறல் அடங்கி வேறொன்றாக மாறியது என்பது அவரே சொன்னது.

சரி, முதுகுக்கு வருவோம்.

நம் மொழியில் முதுகு காட்டுவது நல்ல பேர் வாங்கிய காரியம் அல்ல. புறமுதுகு காட்டினான் என்றால் போர்க்களத்தை விட்டு ஓடினான் என்று பொருள். புறங்காட்டாமல் மார்பில் புண்பட்டுச் செத்தவனைத்தான் புலவர்கள் பாடினார்கள். கிம்சூஜா இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறார். நமக்கு முதுகைக் காட்டுகிறார் என்றால் எதிரே வரும் ஆயிரக்கணக்கான பேருக்கு முகத்தைக் காட்டுகிறார் என்று அர்த்தம். ஓடவில்லை, எதிர்கொள்கிறார். எப்படி எதிர்கொள்கிறார், கண் கலங்கியதா, சிரித்தாரா, கண்ணை மூடிக்கொண்டாரா என்பது எதிரே வந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அவர்கள் அதை எடுத்துக்கொண்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

முகம் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாம் அவரைப் பார்த்துக்கொண்டிருப்போம். கண் இமைக்கிறதா, உதடு துடிக்கிறதா, எவ்வளவு நேரம் தாங்குவார் என்று எண்ணிக்கொண்டிருப்போம். வெள்ளிப் பூச்சோ தங்கப் பூச்சோ பூசிக்கொண்டு சுற்றுலாத் தலங்களில் சிலை மாதிரி நிற்கும் கலைஞர்களை நாம் அப்படித்தான் பார்க்கிறோம். அது ஒரு திறமை, தட்டில் காசும் விழும், தப்பில்லை. ஆனால் அங்கே அசையாமை என்பது ‘என்னைப் பார்’ என்பதற்கான வழி. ஊசிப் பெண்ணில் அது ‘இவர்களைப் பார்’ என்பதற்கான வழி. முகம் இல்லாத உருவத்தில் நம் கண் அதிக நேரம் தங்குவதில்லை. ஒரு நிமிடத்துக்குள் முதுகு அலுத்துவிடுகிறது, பார்வை நழுவி எதிரே வரும் முகங்களுக்குப் போகிறது. அதற்கு மேல் படம் முழுக்க அவர்கள்தான். கலைஞரின் இடம் வெறும் துளை. ஊசிக்கும் அதுதானே: துணியில் புகுந்து, நூலை விட்டுவிட்டு, தான் வெளியே வந்துவிடுகிறது. தைத்து முடித்த சட்டையில் ஊசி இருக்காது.

படம் பிடித்த விதமும் இதற்குத் துணை செய்கிறது. கேமரா ஒரே இடத்தில் நிற்கிறது, நகர்வதோ நெருங்குவதோ இல்லை. இடுப்புக்கு மேல் உடம்பு, படச்சட்டத்தின் நடுவில். தூரத்தை அமுக்கிக் காட்டும் வகையில் எடுத்திருப்பதால் பின்னால் வருபவர்கள் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைத்ததுபோலத் தெரிகிறார்கள். நிஜத் தெருவைவிடப் படத்தின் தெரு நெரிசலானது. இன்னொன்று, நாம் அவருக்குப் பின்னால் நிற்பதால் அவர் பார்ப்பதைத்தான் நாமும் பார்க்கிறோம். பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறோமே, அந்தக் கோணம். கண்காட்சிக் கூடத்தில் பல சுவர்களில் ஒரே நேரத்தில் இந்த வீடியோக்கள் ஓடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே முதுகு, அதே அளவில், வேறொரு ஊரில். அறை நடுவில் நிற்கும் பார்வையாளர் கொஞ்ச நேரத்தில் தானும் கை தொங்கவிட்டு அசையாமல் நிற்பதைக் கவனிக்க நேரும்.

ஊருக்கு ஊர் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தப் படைப்பில் எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காத பகுதி. டோக்கியோவில் அவர் இருப்பதாகவே யாரும் காட்டிக்கொள்வதில்லை. ஒரு விளக்குக் கம்பத்துக்குக் கிடைக்கும் மரியாதைதான் அவருக்கும். லண்டனிலும் நியூயார்க்கிலும் ஏறக்குறைய அதே கதை, அவ்வப்போது ஒரு ஓரப்பார்வை. டெல்லிக்கு வந்தால் நமக்குத் தெரிந்த உலகம்: வெளிப்படையாகப் பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள், கடந்த பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அதில் பெரும்பாலும் ஆண்கள். அந்தப் பார்வையை ஒரு பெண்ணின் தோளுக்குப் பின்னால் நின்று நாம் வாங்கிக்கொள்ளும்போது, படம் பார்க்கும் ஆணுக்குக் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கும். பெண்களுக்கு நெளிய ஒன்றும் இருக்காது, அவர்களுக்கு அது தினசரி.

லாகோஸ் வேறு மாதிரி. நைஜீரியாவின் அந்தப் பெருநகரத்தில் கூட்டம் விலகிப் போகவில்லை, கூடிவிட்டது. பிள்ளைகள் எதிரே வந்து நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள். பெரியவர்களும் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருவர் நின்றதால் தெருவே நின்றுவிட்டது. டோக்கியோவில் அவர் ஆற்றில் நட்ட கழி என்றால், லாகோஸில் அவர் தெருக்கூத்து. நடிப்பு எதுவும் செய்யாமலே கூத்து நடந்துவிட்டது, நடத்தியவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பல விமர்சனங்கள் அதில் விழுந்திருக்கின்றன. ஜப்பானியர் ஒதுங்கிப் போகிறவர்கள், ஆப்பிரிக்கர்கள் கலகலப்பானவர்கள், இந்தியர்கள் முறைப்பவர்கள் என்று எட்டு நகரத்தையும் எட்டு குணச்சித்திரமாகப் படிக்கும் பொறி. அது எனக்கு ஒப்பவில்லை. சிபுயா ரயில் நிலையத்தைச் சுற்றிய தெரு, கடந்து போவதற்கான இடம். சந்தைத் தெருவில் மக்கள் நிற்கவும் பேசவும் பேரம் பேசவும் வந்திருக்கிறார்கள், நேரம் அவர்கள் கையில் இருக்கிறது. அதே லாகோஸ்காரர் அலுவலகத்துக்கு நேரமாகி ஓடும்போது எவளையும் பார்க்கப் போவதில்லை. அதுபோக, கிழக்காசியப் பெண் ஒருவர் ஷாங்காய் தெருவில் நிற்பதும் லாகோஸ் தெருவில் நிற்பதும் ஒன்றல்ல. உடை ஒன்று, நிலை ஒன்று, ஆனால் டோக்கியோவில் மறைந்துபோகிற உருவம் லாகோஸில் தூரத்திலிருந்தே தனியாகத் தெரியும். ‘ஒரே உடம்பு, எட்டு நகரம்’ என்று சொல்கிறோம். நகரம் மாறும்போது உடம்பும் மாறிவிடுகிறது என்பதைத்தான் இந்த எட்டு வீடியோக்கள் எனக்குக் காட்டுகின்றன.

இன்னொரு சங்கடமும் உண்டு. மக்கள் பார்ப்பது அவரையா, அவருக்குப் பின்னால் இருக்கும் கேமராவையா? உற்றுக் கவனித்தால் இரண்டும்தான். சில கண்கள் அவர் முகத்தில் தங்குகின்றன, சில அவர் தோளைத் தாண்டி நேராக நம்மைப் பார்க்கின்றன. சினிமா ஷூட்டிங் நடக்கிறது என்றால் எந்த ஊரில்தான் கூட்டம் சேராது. இதை ஒரு குறை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தோளைத் தாண்டி வரும் அந்தப் பார்வைகள்தான் ‘நீ யார், அங்கிருந்து எங்களை எதற்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்’ என்று பார்வையாளரைத் திருப்பிக் கேட்கின்றன.

ஆனால் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இதே காலத்தில் கிம்சூஜா ‘பிச்சைக்காரப் பெண்’ என்று கெய்ரோ, மெக்சிகோ சிட்டி, லாகோஸ் தெருக்களில் கை நீட்டி உட்கார்ந்தார். ‘வீடற்ற பெண்’ என்று டெல்லியிலும் கெய்ரோவிலும் தெருவில் படுத்தார். நிற்பது யாருடைய வேடமும் அல்ல. கை நீட்டுவதும் தெருவில் படுப்பதும் அப்படி இல்லை, அவை ஏற்கெனவே யாருடைய வாழ்க்கையோ. வேலை முடிந்ததும் எழுந்து போக ஓர் அறை இருப்பவர் அதை எடுத்துக்கொள்ளும்போது, ஊசி துணியைத் தைக்கிறதா குத்துகிறதா என்ற கேள்வி வருகிறது. ஊசி காயத்தையும் தைக்கும், காயமும் செய்யும் என்று கிம்சூஜாவே பேசியிருக்கிறார்தான். இருந்தாலும் இந்த இரண்டு தொடர்களும் ஊசிப் பெண்ணின் எளிமைக்குப் பக்கத்தில் வரவில்லை.

2005-ல் ஊசிப் பெண் இரண்டாம் முறை கிளம்பினார். இந்த முறை நகரங்களைத் தேர்ந்தெடுத்த கணக்கு வேறு: நேபாளத்தின் பாட்டன், ஜெருசலேம், ஏமனின் சனா, ஹவானா, ரியோ டி ஜெனிரோ, சாட் நாட்டின் இன்ஜமேனா. உள்நாட்டுப் போர், ஆக்கிரமிப்பு, பொருளாதாரத் தடை, வறுமை, தெரு வன்முறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புண் இருந்தது. நேபாளத்தில் அப்போது மாவோயிஸ்ட் போர் முடியவில்லை. 10 நிமிடம் 40 நொடி ஓடும் இந்த வீடியோக்கள் அந்த ஆண்டு வெனிஸ் பினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் காட்டப்பட்டன. இவற்றில் படத்தின் வேகத்தைக் குறைத்துவிட்டார். முதல் தொடரில் நிஜ வேகத்தில் நடந்தவர்கள் இதில் மிதந்து வருகிறார்கள், ஒரு தலை திரும்புவதற்கே பல நொடிகள் ஆகின்றன. அழகாக இருக்கிறது. அதுதான் பிரச்சினையும்கூட. முதல் தொடரில் மெதுவாக்கியது நின்றவரின் உடம்பு, இதில் மெதுவாக்கியது இயந்திரம். மெதுவாக ஓடும் எந்த முகமும் சோகமாகத் தெரியும், நம் சினிமாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சனாவில் ஒருவர் வெறுமனே கடைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். படமோ அவர் தலையில் ஒரு தேசத்தின் துயரத்தைத் தூக்கி வைத்துவிடுகிறது.

கலைஞர் என்ற அறிவிப்பும் படச்சட்டமும் இல்லாமல், நிஜமாகவே புண்பட்ட ஒரு சதுக்கத்தில் ஒருவர் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு 2013-ல் இஸ்தான்புல்லில் பதில் கிடைத்தது. அரசு இடிக்கவிருந்த கெஸி பூங்காவைக் காக்கத் திரண்டவர்களை ஜூன் 15 அன்று போலீஸ் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் வைத்து அப்புறப்படுத்தியது. பூங்காவை ஒட்டிய தக்சிம் சதுக்கத்தில் யாரும் கூட்டம் சேரக் கூடாது என்ற நிலை. ஜூன் 17 மாலை எர்தம் குந்தூஸ் என்ற நடனக் கலைஞர் சதுக்கத்துக்கு வந்தார். பையைக் கீழே வைத்தார், இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டார், அத்தாதுர்க் பண்பாட்டு மையத்தின் முகப்பில் தொங்கிய, துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க்கின் படத்தையும் கொடிகளையும் பார்த்தபடி நின்றார். கோஷம் இல்லை, பதாகை இல்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தார்கள். இணையத்தில் ‘துரான் ஆதம்’, அதாவது நிற்கும் மனிதன், என்ற பெயர் பரவியது. இரவில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து அவரோடு நின்றார்கள். சுமார் எட்டு மணி நேரத்துக்குப் பிறகு போலீஸ் தலையிட்டு, நின்றவர்களில் சிலரைப் பிடித்துக்கொண்டு போனது. என்ன குற்றம் என்று எழுதியிருப்பார்கள்? நடக்காமல் இருந்த குற்றம் என்றா?

குந்தூஸின் நிலையும் முதுகு காட்டும் நிலைதான். சதுக்கத்துக்குள் வருபவருக்கு முதலில் தெரிவது ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு முதுகு. ஒருவர் அண்ணாந்து பார்த்தால் நாமும் அண்ணாந்து பார்ப்போம், அது மனித சுபாவம். ஆனால் ஒரு வித்தியாசம். கிம்சூஜாவைச் சுற்றிக் கூட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எல்லாரும் நின்றுவிட்டால் அளவுகோல் இல்லாமல் போய்விடும். குந்தூஸுக்கு எல்லாரும் நின்றால்தான் வெற்றி. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 200-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நொடியில் உறைந்து 5 நிமிடம் நின்ற வீடியோவை இணையத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் கூட்டமாக நிற்பதுதான். ஆனால் அது விளையாட்டு, ஐந்தாவது நிமிடம் எல்லாரும் கலைந்ததும் கைதட்டல் எழுகிறது. தக்சிமில் கைதட்டல் இல்லை, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. உடல் ஒன்றுதான், அசையாமை ஒன்றுதான். எந்தத் தரையில் நிற்கிறது என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

ஊசிப் பெண் தொடரின் நடுவில், 2000-ல், டெல்லியில் கிம்சூஜா இன்னொரு வீடியோவும் எடுத்தார். ‘சலவைப் பெண்’ என்று பெயர், ஓடும் நேரம் சுமார் 10 நிமிடம். இடம் யமுனைக் கரை, பக்கத்தில் சுடுகாடு. அதே உடை, அதே முதுகு, எதிரே மட்டும் மனிதர்கள் இல்லை. தண்ணீர் மேல் பூக்களும் சாம்பலும் ஏதேதோ எச்சங்களும் மெதுவாக மிதந்து போகின்றன, ஆற்றில் விழுந்த பறவைகளின் நிழலும் போகிறது. நின்றுகொண்டிருந்தபோது ஒரு கட்டத்தில், நகர்வது ஆறா தானா என்று தனக்கே குழம்பிவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். படத்தில் இரண்டுமே அப்படித்தான் தெரிகின்றன: ஆறு நிற்கிறது, முதுகு மேற்கோ கிழக்கோ மெல்ல விலகிப் போய்க்கொண்டிருக்கிறது.